ஆறு மரங்களின் பூர்வீகம்

மலையடிவாரக் குடியிருப்பு,
4 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு எழில்மொழி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இளம்பரிதியும் சுகமாக இருக்கிறோம். மாமாவின் கால் புண் ஆறியதா? சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்தப் பொட்டலத்தை எப்படியும் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதோடு, போனில் எதைக் கேட்டாலும் நீ "நல்லாருக்கேன், வெச்சிடவா" என்பாய். எழுத உட்கார்ந்தால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவாய். விடுதியில் படித்த காலத்திலிருந்தே எனக்கு இது தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வெயில் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கப் பார்க்கிறோம். மலையிலேயே இப்போதெல்லாம் மாசி பங்குனியில் இளங்கன்றுகள் கருகுகின்றன. போன வாரக் கூட்டத்தில் என்னோடு வேலை பார்க்கும் சித்தீக், "நாற்பது டிகிரி வெயிலில் வருஷக்கணக்காக நின்ற ரப்பர் மரம் எங்காவது உண்டா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "எங்க வீட்டுக் கொல்லையில இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் உண்டு, தென்னை உண்டு, ரப்பர் ஏது என்று.

அப்பா தென்னந்தோப்புக்குப் பின்னால் நட்ட பதினொரு மரங்களில் நான்கு கஜா புயலில் வேரோடு போயின, மற்ற ஏழும் முறிந்து திரும்பத் துளிர்த்தன என்று நீ சொன்ன ஞாபகம். ஏழும் இருந்தால், ஒவ்வொன்றிலும் நான்கைந்து இளந்தளிர் பறித்து, இத்துடன் உள்ள உறைகளில் தனித்தனியாகப் போட்டு எண் எழுது. உறைக்குள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சுவதற்கு. அவற்றைக் கொட்டிவிடாதே.

படிவம் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதில் 'பூர்வீகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மரம் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அப்பா மலை எஸ்டேட்டில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தபோது பொறுக்கி வந்த விதை என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். எந்த வருஷம், எந்த இடம் என்று உனக்குத் தெரியுமே. அப்போது நீ அவரோடு அங்கே இருந்தாய். நான் ஊரில் அம்மா மடியில்.

பதில் எதிர்பார்க்கும் தங்கை,
எழில்


மருதங்காடு,
19 மார்ச் 2024

அன்புத் தங்கை எழிலுக்கு அக்கா அம்சம் எழுதுவது. நாங்கள் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உன் மாமாவுக்குப் புண் ஆறிவிட்டது, வாய் மட்டும் அடங்கவில்லை. நேற்றுகூட ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்தில் மூன்று ஜாங்கிரி சாப்பிட்டிருக்கிறார். கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

தளிர் பறித்து அனுப்பியிருக்கிறேன். தைக்குப் பிறகு இலையெல்லாம் கொட்டி, இப்போதுதான் செம்பு நிறத்தில் புதுத்தளிர் விட்டிருக்கிறது. ஒன்றாம் மரம் மோட்டார் கொட்டகையை ஒட்டி நிற்பது. இரண்டாவது அதற்குத் தெற்கே, புயலில் தலை போனது. மூன்றாவது அடியோடு ஒடிந்து தரைமட்டத்திலிருந்து துளிர்த்தது, பார்ப்பதற்குப் புதர் மாதிரி இருக்கும். மற்ற நான்கும் வாய்க்கால் வரப்பில் வரிசையாக நிற்கின்றன.

ரப்பர்ப்பால் எப்படி என்று கேட்பாய், நானே எழுதிவிடுகிறேன். அப்பா போன பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் நான் வெட்டுகிறேன். சித்திரை வெயிலிலும் கொட்டாங்கச்சி முக்கால் பங்கு நிறையும். அந்த மூன்றாம் மரத்தில் மட்டும் ஒன்றும் தேறாது. தென்னைக்குத் தண்ணீர் பாயாத வருஷத்தில்கூட இவை வாடி நான் பார்த்ததில்லை.

நெல் அறுவடை முடிந்து உளுந்து பறித்துக்கொண்டிருக்கிறோம். ஆள் கிடைப்பதில்லை. நானும் குனிந்து பறித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை இளம்பரிதிக்கு எங்கள் அன்பைச் சொல். குளிர் நாளில் மப்ளர் கட்டச் சொல்.

உன் அக்கா,
அம்சம்


மலையடிவாரக் குடியிருப்பு,
2 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை. சந்தோஷத்தில்தான்.

உன் இலைகளைப் பரிசோதித்து முடித்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். எந்த மரத்தின் டிஎன்ஏவை எடுத்தாலும் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். அந்த இடங்களைத்தான் மார்க்கர் என்கிறோம். இருபது இடங்களில் எண்ணிப் பார்த்தேன். ஏழில் ஆறு மரங்களுக்கு இருபது இடத்திலும் ஒரே எண். விதையில் முளைத்திருந்தால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி கொஞ்சம் ஒத்தும் கொஞ்சம் விலகியும் இருந்திருக்கும். இவை ஆறும் ஒரே மரம். ஒரு தாய்மரத்தின் குச்சியை வெட்டி, அதன் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டியவை. மூன்றாம் மரம் மட்டும் வேறு. அது ஒட்டுக்குக் கீழே இருந்து துளிர்த்திருக்கிறது. அப்பா சொன்ன விதை அதுதான். விதையை முளைக்க வைத்து, அதன்மேல் வேறொன்றை ஒட்டியிருக்கிறார்.

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண் இருக்கும், ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தந்தை கொடுத்தது. எங்கள் தோட்டத்தில் இருக்கும் எல்லா ரகங்களோடும் ஒப்பிட்டேன். நம் மரத்தின் அம்மாவும் அப்பாவும் இங்கேயே இருக்கிறார்கள் அக்கா. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்.

ரப்பரில் ஒரு நல்ல ரகம் தேறி வர இருபத்தைந்து வருஷம் ஆகும். நம் மரத்தை வைத்துக் கலப்புச் செய்தால், எந்தக் கன்றுக்கு வெயில் தாங்கும் குணம் இறங்கியிருக்கிறது என்று சின்ன வயதிலேயே இலையை வைத்துப் பொறுக்கிவிடலாம் என்று நம்புகிறோம். பாதிக் காலம் மிச்சமாகும்.

படிவத்தில் பூர்வீகம் மட்டும் காலியாக வந்திருக்கிறது. மறந்துவிட்டாய் போல. குச்சியை அப்பாவுக்கு யார் கொடுத்தது?

அன்புடன்,
எழில்


மருதங்காடு,
30 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. நீ நல்லபடி இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உளுந்து வேலை, அப்புறம் உன் மாமாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கண் பார்த்தது, அப்புறம் நாத்தனார் வீட்டுச் சடங்கு.

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. புது ஆற்றுக் கால்வாய் காய்ந்து, அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். குறுவை போடுவதா வேண்டாமா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாங்கள் போடவில்லை. சம்பா மட்டும்தான்.

மரத்தைப் பற்றி நீ எழுதியதை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, மாமனாரு பெரிய ஆளுதான்" என்றார்.

குச்சி விஷயம் எனக்கு ஞாபகமில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன, மரம் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்? தெரியவில்லை என்று போட்டுவிடு.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்சம்


மலையடிவாரக் குடியிருப்பு,
15 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கண்ணுக்கு என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. எழுது.

இங்கே பழைய கோப்புகள் ஒரு அறை நிறைய இருக்கின்றன. மூன்று சனிக்கிழமை அதில் உட்கார்ந்தேன். நான் கண்டதை அப்படியே சொல்கிறேன்.

நம் மரத்தின் தாயையும் தந்தையையும் கையால் மகரந்தம் தொட்டுக் கலந்தது 1979இல், ஒரே ஒரு முறை. அறுபது கன்றுகள் பிறந்தன. அவற்றை இங்கிருந்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்க மலையில் ஒரு எஸ்டேட்டுக்குள் சோதனைக்காக நட்டார்கள். அப்பா வேலை பார்த்த அதே எஸ்டேட். 1991இல் அந்தச் சோதனைத் தோட்டத்தையே அழித்துவிட்டார்கள். அறுபதில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. நம் கொல்லையில் நிற்பதைத் தவிர.

எஸ்டேட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றும் கோப்பில் இருந்தது. தேதி 1988 ஜூலை. 'சோதனை மரம் 23இல் ஒட்டுக்குச்சிகள் திருட்டுப்போயின. காவலில் தவறிய காவலாளி வீரையன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.'

வீரையன் என்பது நம் தெரு வீரையன் மாமாதானே? அப்பாவோடு சேர்ந்து மலைக்குப் போனவர், பிறகு ஊருக்கே வராதவர்.

அக்கா, உனக்குத் தெரிந்ததைச் சொல்.

எழில்


மலையடிவாரக் குடியிருப்பு,
28 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. போன் செய்தபோது மாமாதான் எடுத்தார். நீ வயலில் இருப்பதாகச் சொன்னார். மூன்று தடவையும் வயலில் இருந்திருக்கிறாய். நாற்றங்கால் வேலை அவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன்னை நெருக்குவதற்காக எழுதவில்லை. அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி கலப்புக்கான மரங்களைத் தேர்வு செய்யும் குழு கூடுகிறது. மரத்தின் விவரத் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் செய்தி.

காய்ச்சல் சீசன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

எழில்


மருதங்காடு,
11 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் மாமா நடவுக்கு ஆள் பார்க்கப் போயிருக்கிறார். வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். இதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

நீ பிறந்து அம்மா உடம்பு முடியாமல் கிடந்தாள். அதனால் அப்பா என்னை மலைக்கு அழைத்துப் போய் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் போட்டார். வீரையன் மாமா கேட்டில் காவல். பிள்ளைகள் போகும்போது ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிடுவார். எனக்கு டீச்சரம்மா. "டீச்சரம்மா, இன்னிக்கு எத்தனை பேருக்கு அடி?" என்பார்.

அப்பா அந்த இருபத்துமூன்றாம் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் மழை பொய்த்துப் பக்கத்து மரமெல்லாம் இலை சுருண்டபோது அது மட்டும் பச்சையாக நின்றதாம். "இது நம்ம ஊர்ல நிக்கும் பாரு" என்பார். துரைமாரிடம் கேட்டிருக்கிறார். சோதனை மரம், இலைகூட வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் பையை வாங்கினார். வாழைமட்டையில் சுற்றி, ஈரச்சாக்குக் கட்டி, நீளமாக ஒரு பொட்டலம். அதை அடியில் வைத்து மேலே புத்தகத்தை அடுக்கினார்.

"கேட் தாண்டிப் பாலத்துக்கிட்ட நில்லு. அப்பா வந்து வாங்கிக்கிறேன்."

"என்னாப்பா இது?"

"குச்சி."

கேட்டில் வீரையன் மாமா சிரித்தார். என் முதுகில் கை வைத்துப் பையைத் தொட்டார். "என்ன பாப்பா, பை கனக்குது?"

"புதுப் புஸ்தகம் மாமா" என்றேன்.

எழில், அப்படிச் சொல்லும்படி அப்பா எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகச் சொன்னேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

நான்காம் நாள் மரத்தில் இருந்த வெட்டுக்காயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வீரையன் மாமா வீட்டுச் சாமானைத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வெளியே வைத்தார்கள். அத்தை ஒரு பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. அப்பா அன்றைக்கு ஊரில் ஒட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் வீரையன் மாமா என்னிடம் வந்து, "நல்லாப் படி" என்றார்.

அடுத்த மாதம் அப்பாவும் வேலையை விட்டுவிட்டார். ஊருக்கு வந்ததும், "யாருகிட்டயும் சொல்லாத" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் சாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

நீ கேட்ட பூர்வீகம் இதுதான். என்ன எழுதிக்கொள்கிறாயோ எழுதிக்கொள்.

அம்சம்


மலையடிவாரக் குடியிருப்பு,
20 செப்டம்பர் 2024

என் அன்பான அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பையில் குச்சியை வைத்தவர் அப்பா. நீ ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அப்பாமேல் இருக்கிறது. அவர் நல்ல மனிதர் என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் இருக்கிறது.

'தெரியவில்லை' என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். சித்தீக் என் நல்லதுக்காக அதையேதான் சொன்னார். "மரம் கிடைத்தது, அது போதும். உங்கள் அப்பா பெயரை நீங்களே ஏன் இழுக்கிறீர்கள்?" என்றார். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

ஆனால் தாய் யார், தந்தை யார் என்று இருபது இடத்தில் எண்ணிச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழேயே ஒரு பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை எழுதப்போகிறேன். உன் பெயர் வராது. அப்பா பெயரைப் போட்டு, 'செல்லதுரை எடுத்துச் சென்றார்' என்று மட்டும் இருக்கும்.

இதை வீரையன் மாமா வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது. அவர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார்? நான் வேண்டுமானால் லீவு போட்டு வருகிறேன். இல்லை, நீயே போகிறாயா? நீ சொல்வதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

எழில்


மருதங்காடு,
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

சுகமே இருப்பாய் என நம்புகிறேன். நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

வீரையன் மாமா வீட்டு அத்தையின் ஊர் கோடியக்கரை. அங்கே போய் அவர் உப்பளத்தில் வேலை பார்த்ததாக எப்போதோ காதில் விழுந்தது. உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனேன். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று மூன்று பஸ். கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

வீரையன் மாமாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, உப்பு அரித்த காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அத்தை போய்விட்டதாம். மகள் பூவம்மாள் கூட இருக்கிறாள்.

"செல்லதுரை மகதான நீ?" என்றார். நான் பேர் சொல்வதற்கு முன்னாலேயே. "அப்பன் எப்படி இருக்கான்?"

"போயிட்டாரு மாமா. நாலு வருஷமாச்சு."

தலையாட்டினார். அப்புறம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குச்சி, பை, பாலம், புதுப் புஸ்தகம். ஒன்றையும் விடவில்லை. பூவம்மாள் டீ போட்டுக்கொண்டு வந்தவள் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முடித்ததும் அவர் கேட்டது, "மரம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு மாமா. ஆறு நிக்குது."

"ம்." காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "உங்கப்பன் ஒரு தடவை வந்திருக்கலாம். கோடியக்கரை என்ன, சிங்கப்பூரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவம்மாள் என்னை உட்கார வைத்தாள். சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது அவர், "அங்க காயிதத்துல என் பேரு இருக்குதாமா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அதை மாத்தித் தர முடியுமான்னு உன் தங்கச்சியக் கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். முடியுமா?

அம்சம்


மலையடிவாரக் குடியிருப்பு,
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை எப்படி? நாகை, தஞ்சை எல்லாம் கனமழை என்கிறார்கள். சம்பா தப்பிக்க வேண்டும்.

குழு கூடியது. தாளைப் படித்துவிட்டு எங்கள் இயக்குநர் இரண்டே கேள்வி கேட்டார். "இவர் உங்கள் தந்தையா?" ஆமாம் என்றேன். "இதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" சொன்னார்கள் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மரத்தை ஏற்றுக்கொண்டார்கள். தொலைந்துபோன 23ஆம் எண்ணாகவே திரும்பப் பதிவாகிறது. பிப்ரவரியில் சித்தீக் வந்து முறைப்படி குச்சி வெட்டிக்கொள்வார். இனிமேல் அந்த வேலை முழுவதையும் அவர்தான் பார்ப்பார். எனக்கு வேறு பொறுப்பு. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

இத்துடன் வீரையன் மாமாவுக்கான தாள் இருக்கிறது. நிலையத்தின் முத்திரையோடு, அவருக்குப் புரியத் தமிழிலும் வாங்கியிருக்கிறேன். '1988இல் குச்சிகளை எடுத்துச் சென்றவர் ஒட்டுக்கட்டும் தொழிலாளி செல்லதுரை. காவலாளி வீரையனுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் அறியாமலே இது நடந்தது.' எஸ்டேட் கைமாறிவிட்டது, பழைய ஆட்கள் யாருமில்லை. எங்கள் கோப்பில் அந்தப் பழைய கடிதத்துக்கு மேலேயே இதை வைத்துத் தைத்துவிட்டோம்.

நீயே கொண்டுபோய்க் கொடுப்பதானால் சரி.

எழில்


மருதங்காடு,
22 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். சம்பா ஒரு வாரம் தண்ணீரில் நின்றது. வடிய வைத்துவிட்டோம். பாதிக்குமேல் தேறிவிடும்.

வேறு பொறுப்பு, அப்புறம் எழுதுகிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எத்தனை வருஷமாக நீ அந்த ரகத்துக்கு அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். அது உன் கையை விட்டுப் போனது எதனால் என்றும் தெரியும். போனில் கேட்டால் நீயும் "நல்லாருக்கேன்க்கா" என்பாய். அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். நல்லா இருக்கிறாயா?

தாளை எடுத்துக்கொண்டு போன வியாழக்கிழமை கோடியக்கரை போனேன். இந்தத் தடவை உன் மாமாவும் வந்தார். பூவம்மாள் சத்தமாகப் படித்தாள். வீரையன் மாமா இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். அப்புறம் தாளை வாங்கி, கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் பாப்பா."

ஏன் மாமா என்றேன்.

"எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு போட்டிருக்கு."

"ஆமாம் மாமா. உங்க மேல தப்பு இல்லைன்னு..."

"புதுப் புஸ்தகத்துலேருந்து தண்ணி சொட்டுமா? பை அடியெல்லாம் ஈரம். உன் பாவாடை நனைஞ்சிருக்கு. நீ பாட்டுக்கு என் மூஞ்சியப் பாக்குற. குச்சின்னு தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

உன் மாமாதான், "அப்புறம் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

"மலை பூரா மரம். நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அதுக்குப் போயி வேலைய விட்டுத் தூக்குவாங்கன்னு நெனைக்கல. அப்புறம் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க. தெரியும்னு சொன்னா, யாருன்னு கேப்பாங்க. புள்ளைய இழுக்கணும். அதனால, தூங்கிட்டேன் துரைன்னேன்." பூவம்மாளைப் பார்த்தார். "அன்னிலேருந்து தூங்குமூஞ்சி வீரையன்தான். பொண்டாட்டி வீட்டுல, உப்பளத்துல, எல்லா எடத்துலயும். இவ அம்மாகூட சாகற வரைக்கும் அதைத்தான் நம்புனா."

பூவம்மாள், "ஏம்ப்பா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"யாராவது வந்து கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். யாரும் வரல."

எழில், அவருக்கு வேண்டியது தப்பு இல்லை என்கிற தாள் இல்லை. "நான் தூங்கல. தெரிஞ்சுதான் விட்டேன். அதை எழுதித் தரச் சொல்லு" என்கிறார். அதோடு ஒன்று. என் பெயரை ஏன் விட்டாய்? பை என்னுடையது. அதையும் எழுது.

அம்சம்


மலையடிவாரக் குடியிருப்பு,
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கிறேனா என்று கேட்டாய். டிசம்பர் முழுக்க நன்றாக இல்லை. இப்போது பரவாயில்லை. பழைய சோதனை மரங்களையெல்லாம் மார்க்கர் வைத்து அடையாளம் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் ஒன்று, நிற்கும் மரம் வேறொன்று என்று தினமும் ஏதாவது அகப்படுகிறது. ஒருவிதத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கடிதத்தை இயக்குநரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். புதிதாக எழுதிக்கொண்டு போன தாளைப் படித்துவிட்டு, 'அறிந்தே' என்ற சொல்லில் பென்சிலை வைத்து நிறுத்தினார்.

"இதை எடுத்துவிடலாமா? இது அந்தப் பெரியவர் செய்த தவறை அவரே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுமே."

"அந்தச் சொல் இல்லாததால்தான் சார் முதல் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்" என்றேன்.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

தாளை இத்துடன் அனுப்பவில்லை. பொங்கலுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நீயும் மாமாவும் நாங்களுமாகக் கோடியக்கரை போவோம். என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் உனக்கு முன்கூட்டிச் சொல்கிறேன்:

'மரம் 23இன் ஒட்டுக்குச்சிகளைச் செல்லதுரை வெட்டினார். அவருடைய மகள் அம்சம் பள்ளிப் பையில் எடுத்துச் சென்றார். அன்று கேட்டில் காவலிருந்த வீரையன் உறங்கவில்லை. பையில் இருப்பது என்னவென்று அறிந்தே போகவிட்டார். அதனால்தான் அந்த மரம் இன்றைக்கு இருக்கிறது.'

கடைசி வரி நான் எழுதியதில்லை. இயக்குநர் கையெழுத்துக்கு மேலே அவரே சேர்த்தது.

மற்றவை நேரில்.

உன் தங்கை,
எழில்மொழி